கொடுத்துக் காத்த மலை

லெசோத்தோ நாட்டின் தலைநகர் மசேரு. அதற்குக் கிழக்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் தாபா போசியு என்ற தட்டையான உச்சி கொண்ட மணற்கல் குன்று இருக்கிறது. அடிவாரத்திலிருந்து அதன் உயரம் நூறு மீட்டருக்குச் சற்று மேல். அந்நாட்டின் மலைகளோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு மேடு. ஆனால் உச்சியைச் சுற்றிலும் செங்குத்தான பாறைச்சுவர். ஏறுவதற்கு ஒடுங்கிய சில வழிகள்தான். மேலே மாடு மேயப் புல்வெளியும் குடிக்க ஊற்றுநீரும் உண்டு.

1824 ஜூலையில், தென்கோளத்தின் கடுங்குளிரில், மொஷ்வேஷ்வே என்ற சிறு தலைவர் வடக்கே பூத்தா பூத்தேயிலிருந்து தம் மக்களையும் மாடுகளையும் கூட்டிக்கொண்டு பல நாள் நடந்து இங்கே வந்து சேர்ந்தார். சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தாபா போசியு என்றால் செசோத்தோ மொழியில் 'இரவின் மலை'. இரவானால் இந்தக் குன்று வளரும், பகைவரால் ஏற முடியாது என்ற கதையும் பிறகு பரவியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் குன்றைப் பிடிக்க வந்தவர் பலர். ஒருவராலும் முடியவில்லை.

திருக்குறளின் அரண் அதிகாரம் ஒரு நாட்டுக்குக் காவலாக நீர், நிலம், மலை, காடு என நான்கைச் சொல்கிறது. அதிகாரத்தின் கடைசிக் குறளோ, உள்ளே இருப்பவர்களிடம் செயல்திறன் இல்லையென்றால் எத்தகைய அரணும் இல்லாததற்குச் சமம் என்று முடிகிறது. லெசோத்தோவின் இருநூறு ஆண்டு வரலாற்றை இந்த இரண்டு குறள்களுக்கும் நடுவில் வைத்துப் படிக்கலாம். காடு அங்கே முதலிலிருந்தே இல்லை. நிலம் பறிபோயிற்று. நீர் விற்பனைக்குப் போகிறது. மிஞ்சியது மலை. அப்படியும் அந்த நாடு உலக வரைபடத்தில் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் பாறை மட்டுமல்ல. எதைக் கொடுத்து எதைக் காப்பது என்று ஒரு மனிதர் போட்ட கணக்கும்தான்.

பள்ளம் இல்லாத நாடு

எழுதுவது லெசோத்தோ என்றாலும் அந்நாட்டவர் உச்சரிப்பது ஏறக்குறைய 'லெசூத்து'. மக்கள் பசோத்தோ; ஒருவரைச் சொன்னால் மொசோத்தோ; மொழி செசோத்தோ. பரப்பளவு 30,355 சதுர கிலோமீட்டர். 2016 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். நாலா பக்கமும் தென்னாப்பிரிக்கா. வேறொரு நாட்டால் முழுவதும் சூழப்பட்ட நாடுகள் உலகில் மூன்றே: மற்ற இரண்டும், வத்திக்கானும் சான் மரினோவும், இத்தாலிக்குள் இருக்கின்றன.

நிலப்பரப்பு முழுவதும் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த ஒரே தனிநாடு இதுதான். மிகத் தாழ்ந்த இடமே 1,400 மீட்டர் உயரத்தில், சென்கு ஆறும் மக்காலெங் ஆறும் கூடுமிடத்தில் இருக்கிறது. மிக உயர்ந்த சிகரம் 3,482 மீட்டர். தென் ஆப்பிரிக்கப் பகுதியில் இதைவிட உயரம் எதுவுமில்லை. அதற்குப் பசோத்தோ வைத்த பெயர் தபானா ந்ட்லென்யானா, அதாவது 'அழகான குட்டிமலை'. மலைகளோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கே இப்படிப் பெயர் வைக்கத் தோன்றும். அவர்களுடைய நாணயத்தின் பெயரும் மலைதான்: ஒன்று என்றால் லோட்டி, பல என்றால் மாலோட்டி.

மேற்கு ஓரத்தில் மணற்கல் தாழ்நிலம் ஒரு பட்டையாக ஓடுகிறது. மக்களில் பெரும்பாலோரும் ஊர்களும் வயல்களும் அங்கேதான். கிழக்கே போகப் போக, ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து இறுகிய கருங்கல் மலைகள். தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பெரிய ஆறுகளில் ஒன்றான ஆரஞ்சு இங்கே சென்கு என்ற பெயரில் பிறந்து மேற்கே ஓடி அட்லாண்டிக்கில் சேர்கிறது. செமொன்கொங் என்ற ஊருக்கு அருகே மலெட்சுன்யானே ஆறு 192 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது. விழும் நீர் புகையாக எழுவதால் அந்த ஊருக்குப் 'புகையின் இடம்' என்று பெயர்.

மலையின் தலைப்பகுதியில் சதுப்புப் புல்வெளிகள் உண்டு. மழையையும் உருகும் பனியையும் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்கு விடுபவை இவையே. மரங்கள் அரிது. குளிர்காயவும் சமைக்கவும் பல வீடுகளில் காய்ந்த சாணமே விறகு. வயலுக்குப் போக வேண்டிய எரு அடுப்புக்குப் போகிறது. மண் வலுவிழக்கிறது. கோடைமழை அடித்தால் சரிவில் செம்மண் பிளந்து ஆழமான ஓடைகள் விழுகின்றன. பயிர் செய்யத் தோதான நிலம் நாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

மாடு கொடுத்துக் கட்டிய அரசு

இந்த மலைகளின் முதல் குடிகள் சான் மக்கள். பாறைக் குடைவுகளில் அவர்கள் தீட்டிய எலாண்டு மான்களும் வேட்டைக் காட்சிகளும் இன்றும் இருக்கின்றன. பிற்பாடு மாடும் சோளமுமாக வந்த சோத்தோ பேசும் குலங்கள் மேற்குப் பள்ளத்தாக்குகளில் சிதறி வாழ்ந்தன. தமக்கென்று ஒரு நாடு, ஓர் அரசு என்ற எண்ணம் அவர்களிடம் இருக்கவில்லை.

அதை உண்டாக்கியது ஒரு பேரழிவு. 1820களில் தென்கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் போரும் பஞ்சமும் இடப்பெயர்ச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. செசோத்தோவில் இதை லிஃபகானே என்பார்கள். சூலு அரசின் எழுச்சியை மட்டும் காரணமாகச் சொல்வது பழைய வழக்கம். அடிமை வேட்டை, மாட்டுக் கொள்ளை, வறட்சி ஆகியவற்றையும் சேர்த்தே இன்றைய வரலாற்றாசிரியர்கள் பேசுகிறார்கள். ஊர்கள் எரிந்தன, மாடுகள் போயின, பசி தாங்காமல் மனிதரை மனிதர் தின்ற கூட்டங்களும் உருவாயின.

தாபா போசியுவுக்கு நடந்துவந்த வழியில் மொஷ்வேஷ்வேயின் பாட்டனார் பீட்டே அப்படியொரு கூட்டத்திடம் அகப்பட்டு இறந்தார். பின்னால் அந்தக் கூட்டத்தார் பிடிபட்டபோது, கொன்றுவிடலாம் என்றார்கள் உடனிருந்தவர்கள். என் பாட்டனாரின் கல்லறை இவர்கள் வயிறுதான், கல்லறையை இடிக்கலாமா என்று கேட்டு, சடங்கு செய்து அவர்களைத் தம் மக்களோடு மொஷ்வேஷ்வே சேர்த்துக்கொண்டார் என்கிறது மரபு. கதை கைமாறி மெருகேறியிருக்கக்கூடும். ஆனால் அடைக்கலம் கேட்டு வந்த எந்தக் குலத்தையும் அவர் சேர்த்துக்கொண்டார் என்பது வரலாறு. இன்றைய பசோத்தோவில் பல குலத்தார் கலந்திருப்பது அதனால்தான்.

அவர் கையிலிருந்த கருவி மாபிசா என்ற வழக்கம். மாடு அதிகம் உள்ளவர் இல்லாதவரிடம் மாட்டைக் கொடுத்து வைப்பார். பாலும் உழவும் வாங்கியவருக்கு. மாடும் அது ஈனும் கன்றும் கொடுத்தவருக்கு. நம் ஊரில் மாட்டை வாரத்துக்கு விடுவதை நினைத்துக்கொள்ளலாம். எல்லாம் இழந்து வந்தவருக்கு அந்தப் பால் உயிர். கொடுத்தவருக்கோ, தேவைப்பட்ட நாளில் கூப்பிட்ட குரலுக்கு வரும் ஒரு குடும்பம். மொஷ்வேஷ்வே இதையே அரசியலாக்கினார். மாட்டைக் கொடுத்து ஆளைச் சேர்த்தார்.

பகைவரிடமும் இதே வழிதான். 1831இல் இண்டெபெலே படை தாபா போசியுவைத் தாக்கி, மேலிருந்து உருண்டுவந்த பாறைகளுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பியது. தோற்றுப் போகிறவர்களுக்கு மொஷ்வேஷ்வே மாடுகளை அனுப்பிவைத்தார், பசித்துத்தான் வந்திருப்பீர்கள் என்ற செய்தியோடு. அந்தப் படை மறுபடி வரவில்லை. கிறித்துவப் போதகர்களைக் கொண்டிருந்த அண்டைக் குலங்கள் அமைதியாக வாழ்வதைக் கேள்விப்பட்டு, ஒரு போதகரை அழைத்துவர மாடுகளைக் கொடுத்தனுப்பினார். 1833இல் பாரிசிலிருந்து யூஜின் கசாலிஸ் உள்ளிட்ட மூன்று இளைஞர்கள் வந்தார்கள். கசாலிஸ் நற்செய்தி சொன்னதோடு, வெள்ளையரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் அமைச்சர் போலவும் இருந்தார். அவர்கள் அமைத்த மோரிஜா ஊரில் அச்சகம் எழுந்தது. 1863இல் அங்கே செசோத்தோ செய்தித்தாள் வெளிவந்தது. சூலு அரசர் சாக்காவைப் பற்றி 1925இல் புகழ்பெற்ற நாவலை வெளியிட்ட தாமஸ் மொஃபோலோவும் அந்த அச்சகத்தில் வளர்ந்தவரே.

நிலம் போன கதை

1830களின் பிற்பகுதியிலிருந்து கேப் பகுதியின் டச்சு வழிவந்த போயர்கள் மாட்டுவண்டிகளில் வடக்கே வரத் தொடங்கினார்கள். முதலில் மேய்ச்சலுக்கு இடம் கேட்டார்கள். மொஷ்வேஷ்வே கொடுத்தார், கொடுத்துவைத்த மாட்டைப்போல நிலமும் தமதே என்ற நினைப்பில். போயர்களின் சட்டத்தில் அப்படியொரு கொடுத்தலுக்கு இடமில்லை. குடியிருந்த நிலம் அவர்களுக்குச் சொந்தம். ஒரே நிலத்தைப் பற்றி இரண்டு வேறு நினைப்புகள். அதற்குப் பிறகு நடந்த போர்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இடையில் பிரித்தானியரோடும் மோத நேர்ந்தது. 1852இல் ஆளுநர் ஜார்ஜ் கேத்கார்ட் மாட்டுக் களவுக்குத் தண்டமாக 10,000 மாடுகளும் 1,000 குதிரைகளும் கேட்டார். 3,500 மாடுகள் போய்ச் சேர்ந்தன. மிச்சத்துக்காகப் படை வந்தபோது பெரேயா மேட்டில் பசோத்தோ குதிரைவீரர்கள் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். அன்றிரவே மொஷ்வேஷ்வே கேத்கார்ட்டுக்குக் கடிதம் அனுப்பினார்: நீங்கள் உங்கள் வலிமையைக் காட்டிவிட்டீர்கள், தண்டித்தது போதும், சமாதானம் ஆவோம் என்று. வென்றவர் தோற்றவரைப்போல எழுதிய கடிதம் அது. கேத்கார்ட் மானத்தோடு திரும்பிப்போக ஒரு வழி கிடைத்தது, போனார்.

1854இல் ஆரஞ்சு சுதந்திர அரசு என்ற பெயரில் போயர்களின் குடியரசு அமைந்தது. 1858இலும் 1865இலும் போர் மூண்டது. 1865 ஆகஸ்டில் தாபா போசியுவின் ஒடுங்கிய வழியில் ஏற முயன்ற போயர் தளபதி லூ வெப்பெனர் அங்கேயே செத்து விழுந்தார். குன்று நின்றது, வயல்கள் நிற்கவில்லை. போயர்கள் விளைந்த பயிரை அழித்து மாடுகளை ஓட்டிச் சென்றார்கள். மேலே எத்தனை நாள் தாக்குப்பிடித்தாலும் கீழே சோறு விளைய வேண்டுமே.

முதுமையில் இருந்த மொஷ்வேஷ்வே பிரித்தானிய அரசியின் பாதுகாப்பை நாடினார். அரசியின் கம்பளத்தில் ஒட்டியிருக்கும் பேன்களாக என் மக்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள். 1868 மார்ச் 12 அன்று நாடு பிரித்தானியக் காப்பில் வந்தது. அடுத்த ஆண்டு அலிவால் நார்த் உடன்படிக்கை எல்லையைக் கிழித்தது. மொஹோகாரே, அதாவது கலெடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த செழிப்பான விளைநிலம் போயர்களுக்கே போயிற்று. எல்லைக்கு அப்பால் இன்று இருக்கும் ஊர்களின் பெயர்களைக் கேட்டாலே போதும்: ஒன்று ஃபிக்ஸ்பர்க், போயர் தளபதி ஃபிக்கின் பெயரால், இன்னொன்று வெப்பெனர்.

1870 மார்ச் 11 அன்று மொஷ்வேஷ்வே இறந்தார். அவர் இறையாண்மையைக் கொடுத்து நாட்டைக் காத்தாரா, நிலத்தை இழந்து பெயரை மட்டும் மீட்டாரா? தென் ஆப்பிரிக்கப் பகுதியில் அன்று வலுவான படை வைத்திருந்த சூலு அரசும் பெடி அரசும் பத்தாண்டுகளில் நொறுங்கின என்பதையும் சேர்த்துத்தான் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

துப்பாக்கியும் சுரங்கமும்

1867க்குப் பின் கிம்பர்லிப் பகுதியில் வைரம் கிடைத்தது. பசோத்தோ ஆண்கள் நடந்தே அங்கு போய் உழைத்து, கூலியில் துப்பாக்கி வாங்கிவந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் விளைவித்த கோதுமையும் சோளமும் வைரக் குழிகளுக்கு வண்டி வண்டியாகப் போயின. 1870களில் இந்த நாடு வட்டாரத்துக்கே களஞ்சியமாக இருந்தது.

1871இல் பிரித்தானியர் நாட்டைக் கேப் காலனியின் நிர்வாகத்தில் சேர்த்திருந்தார்கள். 1880இல் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காலனி அரசு ஆணையிட்டது. உழைத்து வாங்கிய துப்பாக்கியை யார் கொடுப்பார்? தலைவர்கள் லெரொதோலியும் மசூபாவும் எதிர்த்து நின்றார்கள். கேப் படையால் வெல்ல முடியவில்லை. 1884இல் நாடு மீண்டும் லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறியது. துப்பாக்கி பசோத்தோவிடமே இருந்தது. 1910இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் அமைந்தபோது இந்த மலைநாடு அதற்குள் அடங்காமல் தனித்திருந்ததற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். அடங்கியிருந்தால் பின்னாளில் இனஒதுக்கல் அரசு கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய பண்டுஸ்தான்களில் ஒன்றாகியிருக்கக்கூடும்.

வெள்ளையர் நிலம் வாங்க முடியாது என்ற விதி நிலைத்தது. ஆனால் இருந்த நிலமோ குறைவு. இருப்புப்பாதை வழியே மலிவான வெளிநாட்டுத் தானியம் உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்தது. அண்டைக் குடியரசுகள் வரி போட்டன. 1896–97இல் வந்த வெக்கை நோய் மாடுகளை வாரிக்கொண்டு போனது. குடிசை வரி கட்டப் பணம் வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்கள் ஆள் கேட்டன. களஞ்சியம் ஒரே தலைமுறையில் கூலிக்காரர்களின் ஊராயிற்று.

1980களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இருந்தார்கள். வயலையும் வீட்டையும் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். சிறுவர்கள் ஆடு மாடு மேய்க்க மலைக்குப் போனதால் பள்ளிக்குப் போனது பெரும்பாலும் சிறுமிகள். பெண்கள் ஆண்களைவிட அதிகம் எழுத்தறிந்த நாடாக இது ஆனதற்கு இந்தப் பிரிவினையே பின்னணி. 1990களில் சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்தன. திரும்பியவர்களில் பலர் கல்தூசி நுரையீரல் நோயையும் காசநோயையும் கொண்டுவந்தார்கள். சுரங்க நிறுவனங்களுக்கு எதிராக நடந்த வழக்கில் இழப்பீட்டுக்கான சமரசத்தை ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் 2019இல்தான் ஏற்றது. இன்று வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறார். குடும்பத்தைப் பிரித்துவைத்த அந்த வேலைமுறைக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

விற்ற நீர்

1966 அக்டோபர் 4 அன்று நாடு விடுதலை பெற்றது. மொஷ்வேஷ்வேயின் வழிவந்த இரண்டாம் மொஷ்வேஷ்வே அரசர். லெபுவா ஜோனாத்தன் பிரதமர். 1970 தேர்தலில் தோல்வி தெரிந்ததும் ஜோனாத்தன் தேர்தலையே செல்லாததாக்கினார். தென்னாப்பிரிக்காவோடு முதலில் இணக்கமாக இருந்தவர் பின்னர் முரண்பட்டு, அங்கிருந்து தப்பிவந்த ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசாருக்கு இடம் கொடுத்தார். அடைக்கலம் தருவது அந்த மண்ணின் பழைய பழக்கம். விலை பெரிதாக இருந்தது. 1982 டிசம்பரில் தென்னாப்பிரிக்கப் படை மசேருவுக்குள் நுழைந்து 42 பேரைக் கொன்றது. அவர்களில் 12 பேர் பசோத்தோ.

1986 ஜனவரி முதல் நாள் தென்னாப்பிரிக்கா எல்லைகளை இறுக்கியது. எரிபொருளும் உணவும் வருவது தடைப்பட்டது. ஜனவரி 20 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மேட்டுநில நீர்த் திட்ட உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தத் திட்டம் 1950களிலிருந்தே பேசப்பட்டுவந்தது உண்மை. ஆனாலும் மூன்று தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

திட்டத்தின் இயக்கம் எளிது. சென்குவின் கிளையாறுகள் மலையில் இருக்கின்றன; நீர் தேவைப்படும் ஜோகன்னஸ்பர்க் வட்டாரம் வடக்கே தாழ்வில் இருக்கிறது. 185 மீட்டர் உயரமான கட்சே அணை நீரைத் தேக்குகிறது. மலையைக் குடைந்த சுரங்கவழி அதை முவேலா மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே 72 மெகாவாட் மின்சாரம் தந்துவிட்டு, எல்லை கடந்து ஆஷ் என்ற சிற்றாற்றில் விழுந்து நீர் வால் அணைக்குப் போகிறது. கட்சேயிலிருந்து ஆஷ் ஆறு வரை சுரங்கவழியின் நீளம் ஏறத்தாழ 82 கிலோமீட்டர். ஏற்றும் எந்திரம் எங்கும் இல்லை. 1998 ஜனவரியில் நீர் போகத் தொடங்கியது. மொஹாலே அணையும் சேர்ந்த பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 78 கோடி கன மீட்டர். இரண்டாம் கட்டமாகப் பொலிஹாலி அணையின் வேலை நடக்கிறது.

உரிமைத்தொகை அரசுக்கு நிலையான வருமானம். மலைக்குள் தார்ச்சாலை வந்தது, மின்சாரம் வந்தது. பள்ளத்தாக்கில் வயலை இழந்தவர்கள் இழப்பீட்டுக்காக அலைந்தார்கள். நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் ஊர்களிலேயே பெண்கள் ஊற்றுக்குக் குடம் தூக்கிப் போனார்கள். ஒரு பெருமையும் உண்டு: திட்டத்தின் தலைமை அதிகாரிக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் லஞ்சம் கொடுத்ததை இந்த ஏழை நாட்டின் நீதிமன்றம் விசாரித்து, 2002இல் அவரையும் ஒரு கனடிய நிறுவனத்தையும் குற்றவாளிகள் என்று தீர்த்தது. வாங்கியவரோடு கொடுத்தவரையும் தண்டிப்பது உலகில் அபூர்வம்.

நீருக்கு அடுத்தபடி துணி. அமெரிக்கா 2000இல் தந்த வரிச்சலுகையை நம்பி மசேருவிலும் மபுட்சோவேயிலும் ஆயத்த ஆடை ஆலைகள் எழுந்தன. பல்லாயிரக்கணக்கானோருக்கு வேலை, பெரும்பாலோர் பெண்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்த நாட்டின் மீது 50 சதவீத வரி அறிவித்தார். ஆகஸ்டில் அது 15 சதவீதமாகக் குறைந்தது. அதற்குள் ஆர்டர்கள் நின்று தையல் எந்திரங்கள் ஓய்ந்திருந்தன. அதே ஆண்டு மார்ச்சில், யாரும் கேள்விப்பட்டிராத நாடு என்று தம் நாடாளுமன்றத்தில் லெசோத்தோவைக் கேலி செய்தவரும் அவரே.

மாபிசாவின் கணக்கு

பசோத்தோவின் தேசிய உடை கம்பளம். பிறப்பு, திருமணம், அரசர் அவை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை. அதில் ஓடும் கோடுகள் முதலில் ஆலையில் நேர்ந்த நெசவுப் பிழை என்றும், மக்களுக்குப் பிடித்துப்போனதால் நிலைத்தன என்றும் சொல்வார்கள். அந்தக் கம்பளம் நெய்யப்படுவது பெரும்பாலும் எல்லைக்கு அப்பால், தென்னாப்பிரிக்க ஆலையில். அவர்கள் நாட்டிலேயே பின்னுவது மொகொரொட்லோ என்ற கூம்புப் புல்தொப்பி. தாபா போசியுவிலிருந்து தெரியும் கிலோவானே குன்றின் வடிவம் அதற்கு. 2006இல் தேசியக் கொடியைப் புதுப்பித்தபோது, ராணுவ ஆட்சியில் வந்த கேடயச் சின்னத்தை எடுத்துவிட்டு இந்தத் தொப்பியை நடுவில் வைத்தார்கள்.

மொஷ்வேஷ்வே கொடுத்த எதுவும் கணக்கில்லாமல் போகவில்லை. மாட்டைக் கொடுத்தபோது மனிதர் வந்தார்கள். பகைவருக்குக் கொடுத்தபோது அமைதி வந்தது. அரசுரிமையைக் கொடுத்தபோது நாட்டின் பெயர் தங்கியது. மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்த ஓரிடத்தில்தான் கணக்கு பிழைத்தது, வாங்கியவருக்கு மாபிசாவின் பொருள் தெரியாததால். அதற்குப் பிறகு அந்நாடு கொடுத்துவருவதெல்லாம் அத்தகையவர்களிடமே: சுரங்கத்துக்கு ஆண்களை, ஆலைக்குப் பெண்களின் உழைப்பை, மாநகருக்கு நீரை. கூலி வந்தது, உரிமைத்தொகை வருகிறது. ஆனால் மாபிசா மாட்டின் கன்று கொடுத்தவர் பட்டியில் சேர வேண்டும்.

செசோத்தோவில் வணக்கம் சொல்ல 'கொட்சோ' என்பார்கள்; அமைதி என்று பொருள். கூட்டத்தில் ஒருவர் பேசி முடித்ததும் வாழ்த்தாக எழும் சொல் 'பூலா'. அதற்குப் பொருள் மழை. மாலோட்டி மலைகளின் சதுப்புப் புல்வெளியில் மழை இறங்குகிறது. அதில் ஒரு பங்கு மலையின் வயிற்றுக்குள் புகுந்து, 1869இல் எல்லையாக்கப்பட்ட மொஹோகாரேயைக் கடந்து அக்கரைக்குப் போகிறது. அந்த ஆற்றின் மீதுள்ள மசேரு பாலத்தில், கையில் கடவுச்சீட்டோடு, அக்கரையில் வேலை தேடிப்போகும் மனிதர்கள் இன்றும் வரிசையில் நிற்கிறார்கள்.